சென்னைச் சாலை நெரிசல்: கேள்வி பதில்

போக்குவரத்துத் திட்டமிடலில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

வேளச்சேரி வாசகர்: ஐயா, மேம்பாலம் கட்டக் கட்ட நெரிசலும் கூடிக்கொண்டே போகிறதே, ஏன்?

பதில்: மேம்பாலம் ஒரு சந்திப்பில் நிற்கும் நேரத்தை மிச்சப்படுத்தி, வண்டிகளை அடுத்த சந்திப்பில் கொண்டுபோய்க் குவிக்கிறது. 1973-இல் திறக்கப்பட்ட அண்ணா மேம்பாலமும் 2008-இல் பயன்பாட்டுக்கு வந்த கத்திப்பாரா மேம்பாலமும் தேவையானவைதாம். என்றாலும், பாதை சற்று இலகுவாகிவிட்டது என்று தெரிந்தவுடன், அதுவரை மின்சார ரயிலில் போய்வந்தவரும், நெரிசலுக்கு அஞ்சி விடியற்காலையிலேயே கிளம்பியவரும், அந்தப் பக்கம் போவதையே தவிர்த்தவரும் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் அதே சாலைக்கு வந்துவிடுகிறார்கள். இதைத் தூண்டப்பட்ட தேவை என்பார்கள். ரயில்வே கேட்டில் பாலம் கட்டுவதை நான் எதிர்க்க மாட்டேன்; சிக்னலுக்குச் சிக்னல் பாலம் கேட்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

தி.நகர் வாசகர்: பேருந்துகள் நடுச்சாலையில் நிற்பதால்தானே பின்னால் வரும் நாங்கள் மாட்டிக்கொள்கிறோம்?

பதில்: அது ஏன் நடுச்சாலையில் நிற்கிறது என்பதை ஒருநாள் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். அண்மையில் ஒரு காலை, எட்டரை மணிக்கு அப்படி நின்று கவனித்தேன். நிழற்குடைக்கு நேர் முன்னால், மருந்துக் கடைக்கு வந்த ஒருவரின் கார் நான்கு விளக்குகளும் மின்ன நின்றிருந்தது; அதன் பின்னால் வரிசையாகப் பைக்குகள், அவற்றுக்கும் பின்னால் ஆள் ஏற்றக் காத்திருந்த ஷேர் ஆட்டோ. ஓரங்கட்ட இடமில்லாத பேருந்து இரண்டாவது தடத்திலேயே நிற்க, கைக்குழந்தையோடு ஒரு பெண் நடைபாதையிலிருந்து இறங்கி, காருக்கும் பைக்குக்கும் இடையே புகுந்து படியில் கால் வைப்பதற்குள், பின்னால் வந்தவர்கள் வலப்பக்கம் ஒதுங்கி மூன்றாவது தடத்தையும் அடைத்துவிட்டார்கள். சாலையை முடக்கியது அந்தக் கார். பழி விழுந்தது பேருந்தின்மேல்.

ஒரு பேருந்தில் 60 பேர் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு இரண்டு பேராக அவர்கள் வந்தால் 30 கார்கள். ஒட்டி ஒட்டி ஒரே வரிசையில் நின்றாலும் 100 மீட்டருக்கு மேல் நீளும். ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்தின் முன்னும் பின்னும் வண்டி நிறுத்துவதை அடியோடு தடுப்பதும், அகலமான சாலைகளில் பேருந்துக்கென ஒரு தடத்தை ஒதுக்குவதும்தான் என் முதல் இரண்டு கோரிக்கைகள்.

புரசைவாக்கம் வாசகர்: பச்சை விளக்கு நேரத்தைக் கூட்டினால் போதாதா?

பதில்: போதாது. ஒரு பக்கத்துப் பச்சை இன்னொரு பக்கத்துச் சிவப்பு. சந்திப்புக்கு அப்பால் இடமில்லாதபோது பச்சையை நம்பி நுழைபவர், குறுக்குச் சாலையையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்.

சோழிங்கநல்லூர் வாசகர்: மெட்ரோ பணி முடிந்தால் எங்கள் சிரமம் தீருமா?

பதில்: கோயம்பேடு–ஆலந்தூர் இடையே 2015 ஜூன் 29 அன்று மெட்ரோ ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர். தடுப்புகளால் குறுகிய சாலை திரும்பக் கிடைக்கும்போது சற்று மூச்சு விடலாம். ஆனால் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்க நடைபாதையும், ஏறிக்கொள்ளச் சிற்றுந்தும் இல்லையென்றால், பைக்கில் போகிறவர் பைக்கிலேயே போவார். 2007-இல் வேளச்சேரி வரை வந்த பறக்கும் ரயில் நமக்குக் கற்பித்த பாடம் இதுதான்: நிலையங்கள் பெரியவை, பேருந்தில் இறங்கி அவற்றை அடைவதுதான் பெரும்பாடு. மாறாக, மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023-இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதையில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் இத்தகைய இணைப்பு வேண்டும்.

அண்ணா நகர் வாசகர்: வெளிநாடுகளைப் போல நெரிசல் கட்டணம் இங்கே சரிப்படுமா?

பதில்: நெரிசல் மிகுந்த நகரப் பகுதிக்குள் நுழையும் வண்டிகளிடம் வாங்கும் இந்தக் கட்டணத்தைச் சிங்கப்பூர் 1975-லும் லண்டன் 2003-லும் தொடங்கின. ஸ்டாக்ஹோமில் 2006-இல் சோதித்து, மறு ஆண்டு நிரந்தரமாக்கியபோது, கட்டண எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. லண்டனில் கட்டணத்தோடு சேர்த்துப் பேருந்துகளையும் கூட்டினார்கள் என்பதை இங்கே பலரும் மறந்துவிடுகிறார்கள். நாம் முதலில் சாலையோரம் காரை நிறுத்துவதற்கு, இடத்தின் மதிப்புக்கு ஏற்ற கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தைப் பேருந்துக்கும் நடைபாதைக்கும் செலவிடலாம். 2019-இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தியபோது வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. பண்டிகை நாளின் மாலையில் அங்கே போனால், அந்த அச்சம் தேவையற்றது என்பது கண்கூடாகத் தெரியும்.