மருந்தாளரிடம் கேளுங்கள்: கஞ்சா இனிப்பும் வோபரின் குளிசையும்

(கிளிநொச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் வாசகர் கடிதங்களுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: ஐயா, என் அம்மாவுக்கு 71 வயது. ஸ்காபரோவில் தம்பி குடும்பத்துடன் இருக்கிறார். முழங்கால் வலியால் இரவில் நித்திரை இல்லை. தம்பி அங்கே கடையில் கஞ்சா கலந்த இனிப்பு வாங்கி வந்திருக்கிறான். ஒன்றில் 10 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறதாம். படுக்குமுன் ஒன்றைச் சாப்பிடச் சொல்கிறான். அம்மா இதயத் துடிப்புச் சீரில்லாததால், இரத்தம் உறைவதைக் குறைக்கும் வோபரின் குளிசை எடுப்பவர். முதல் தடவை எவ்வளவு கொடுக்கலாம்?
- ஒரு மகள், புதுக்குடியிருப்பு

பதில்: பிள்ளை, முதலில் தம்பியைத் தொலைபேசியில் பிடித்து அந்தப் பொதியை மூடி வைக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை அதன் பிறகு வாசியுங்கள்.

10 மில்லிகிராம் ரி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) என்பது, கனடாவில் உண்ணும் கஞ்சாப் பொதி ஒன்றுக்குச் சட்டம் விட்டிருக்கும் முழு உச்சம். அங்கே கஞ்சா சட்டபூர்வமானது 2018 ஒக்டோபர் 17இல். உண்ணும் பண்டங்களுக்கு ஓராண்டு கழித்துத்தான் வழி விட்டார்கள். விடும்போதே இந்த வரம்பையும் போட்டார்கள். பழக்கமில்லாத ஒருவர் 2.5 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ தொடங்க வேண்டும் என்பது அந்த நாட்டின் சுகாதாரத் துறையே சொல்லும் அறிவுரை. உங்கள் தம்பி கொடுக்கப் பார்த்தது அதைப்போல நான்கு மடங்கு. எழுபதைக் கடந்த உடம்புக்கு நான் அந்த 2.5இலும் பாதியைத்தான் சொல்வேன், அதுவும் அம்மாவின் மருத்துவர் சம்மதித்தால். 10 மில்லிகிராம் இனிப்பை எட்டாக வெட்டப் போக வேண்டாம். சமையலறைக் கத்திக்கு மில்லிகிராம் தெரியாது. சிறிய அளவில் செய்த துண்டுகளே விற்பனைக்கு இருக்கின்றன. சிவப்பு எண்கோணத்துக்குள் கஞ்சா இலையும் ரி.எச்.சி. என்ற எழுத்துகளும் உள்ள அடையாளமும், அரசின் வரி முத்திரையும் பொதியில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது எங்கிருந்து வந்தது என்று தம்பியைத்தான் கேட்க வேண்டும்.

அளவில் தவறுபவர்களைவிடப் பொறுமையில் தவறுபவர்களே அதிகம். புகைத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தின்றால் அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. உச்சத்துக்கு வர நான்கு மணி நேரம்கூட எடுக்கும். பன்னிரண்டு மணி நேரம் வரை நிற்கும். மந்தம் மறுநாளும் தொடரலாம். உணவுப் பாதையில் போகும் ரி.எச்.சி.யை ஈரல் இன்னும் வலுவான இன்னொரு பொருளாக மாற்றுவதும் ஒரு காரணம். இரணைமடுக் குளத்தில் துருசைத் திறந்துவிட்டுக் கடைசி வாய்க்கால் வயலில் நின்றுகொண்டு, தண்ணீர் வரவில்லையே என்று இன்னும் திறக்கச் சொல்பவனுக்கு என்ன நடக்குமோ, அதுதான் ஒரு மணி நேரத்தில் இரண்டாவது துண்டை வாயில் போடுபவருக்கும் நடக்கும். ஒரு இரவுக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். சில நாட்கள் கவனிக்காமல் கூட்டவும் கூடாது.

இவ்வளவும் வோபரின் எடுக்காத ஆளுக்கு. வோபரினை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதிகளைக் கஞ்சாவின் பொருட்கள் தடுக்கக்கூடும். ரி.எச்.சி. மட்டுமல்ல, போதை தராதது என்று விற்கப்படும் சி.பி.டி.யும்தான். அப்படி நடந்தால், இரத்தம் உறைய எவ்வளவு தாமதிக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறும், இரத்தம் இலகுவில் உறையாது. போதாததற்கு, ரி.எச்.சி. துடிப்பை வேகப்படுத்தும்; எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தை இறக்கும். நடுச்சாமத்தில் கழிவறைக்குப் போகும் அம்மா தலைசுற்றி விழுகிறார், தலை அடிபடுகிறது, இரத்தம் இலகுவில் நிற்காது. என் பயம் இதுதான். ஆகவே வோபரின் எழுதும் மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு துணுக்கும் வேண்டாம். அவர் ஓம் என்றால், தொடங்கிய நாட்களில் ஐ.என்.ஆர். சோதனையை நெருக்கமாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று அம்மா சொல்வார். கனடா மருத்துவர்கள் இதை நாள்தோறும் கேட்கிறார்கள். வெட்கம் நமக்கு மட்டும்தான்.

பயன் இருக்கிறதா என்றால், நரம்பு சார்ந்த நாட்பட்ட வலியில் சிலருக்குச் சிறிதளவு இருக்கிறது. தேய்ந்த முழங்காலுக்கு நம்பத்தக்க சான்று இல்லை. இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) போய்த் தொடைத் தசையைப் பலப்படுத்துவது பேரனுக்கும் பாட்டிக்கும் பாதுகாப்பான வழி. பேரனை ஏன் இழுக்கிறேன் என்றால், அந்தப் பொதி குளிர்சாதனப் பெட்டியில் சாக்லேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சிறு பிள்ளை ஒன்றைத் தின்றாலும் நினைவிழந்து மூச்சுத் தளரலாம். பூட்டி வையுங்கள். தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே 911.

கேள்வி: ஐயா, எனக்கு முப்பது வயது. முள்ளிவாய்க்காலைக் கண்ணால் கண்டவன். இன்றும் கனவில் கத்தி எழும்புகிறேன். ஒரு கஞ்சாச் சுருட்டு அடித்தால் கனவே வராது என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். பழக்கமில்லாதவனுக்கு எவ்வளவு பாதுகாப்பு?
- பெயர் வேண்டாம், மாங்குளம்

பதில்: தம்பி, மேலே அந்தப் பிள்ளைக்கு மில்லிகிராம் கணக்குச் சொன்னேன். உங்களுக்குச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. கடல் வழியாக வந்து கைமாறிய தாள் சுருளில் எவ்வளவு ரி.எச்.சி. என்று விற்பவனுக்கே தெரியாது. அளவு தெரியாத பொருளுக்குப் பாதுகாப்பான அளவு சொல்லும் மருந்தாளர் பொய்யர். இலங்கையில் அதை வைத்திருப்பதே குற்றம் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கூட்டாளிகள் சொல்வது முழுப் பொய் அல்ல. கனவு குறையும். ஆனால் பழகியபின் நிறுத்திய கிழமையே அடக்கி வைத்த கனவுகள் முன்னையதைவிடக் கொடூரமாகத் திரும்பும். அதற்குப் பயந்தே பலர் நிறுத்துவதில்லை. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு வந்திருந்தால், உங்களுக்கு அது ஒரு இழுவைகூட வேண்டாம்.

இருந்தும் ஒரு மாலை கூட்டாளிகள் நடுவில் மாட்டிக்கொண்டால்: கசிப்போ சாராயமோ அதனுடன் சேர்க்காதீர்கள். புகையை நெஞ்சில் அடக்கி வைக்காதீர்கள், அதனால் கூடுவது தார் மட்டும்தான். அன்றிரவு ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளைத் தொடாதீர்கள். நெஞ்சு படபடத்துச் சாகப்போகிறேன் என்று தோன்றினால், பெரும்பாலும் அது சில மணி நேரத்தில் அடங்கும் பீதிதான். வெளிச்சமுள்ள அமைதியான இடத்தில் தெரிந்த ஒருவருடன் உட்காருங்கள். நெஞ்சு வலித்தாலோ, மயங்கினாலோ, யாரையாவது தட்டியும் எழுப்ப முடியாவிட்டாலோ 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். என்ன எடுத்தீர்கள் என்று வைத்தியசாலையில் ஒளிக்க வேண்டாம்.

உங்கள் கனவுக்கு வைத்தியம் இருக்கிறது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போய், எனக்கு எழுதிய அந்த மூன்று வரிகளை அப்படியே சொல்லுங்கள். அதற்கென்று பேச்சுச் சிகிச்சையும் குளிசைகளும் உண்டு. அங்கே இருக்கும் வரிசையைப் பார்த்தால், கத்தி எழும்புவது நீங்கள் மட்டுமல்ல என்பதும் தெரியும்.

கேள்வி: வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கனடாவிலிருந்து பெரியம்மா வருகிறார். அங்கே மருத்துவர் எழுதிக் கொடுத்த கஞ்சா எண்ணெயைக் கொண்டு வரலாமா?
- முள்ளியவளை வாசகர்

பதில்: கூடாது. மருத்துவச் சீட்டு இருந்தாலும் கஞ்சாவுடன் எல்லை தாண்டுவது கனடாவிலேயே குற்றம். கட்டுநாயக்கவில் இறங்கினால் இங்கேயும் குற்றம். நாள்தோறும் எடுப்பவர் என்றால் புறப்படச் சில கிழமைகளுக்கு முன்பே மருத்துவரைக் கேட்டு மெல்லக் குறைக்கட்டும். திடீரென்று நிறுத்தினால் நித்திரை கெடும், பசி குறையும், வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுவார். பிரஷர் குளிசை எடுப்பவர் என்றால் அவற்றைக் கைப்பையிலேயே வைக்கச் சொல்லுங்கள், பெட்டிகள் பிந்தி வருவதுண்டு.