சீனிச் சம்பல் போத்தலில் எதை எழுத வேண்டும்?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தே சீனிச் சம்பல் செய்து போத்தலில் விற்கிறேன். இதுவரை தெரிந்தவர்கள்தான் வாங்கினார்கள். இப்போது வெள்ளவத்தைக் கடை ஒன்று வாரம் 40 போத்தல் கேட்கிறது. உள்ளடக்கம் எழுதிய லேபல் இல்லாமல் எடுக்க மாட்டார்களாம். என் மாமியார் சொல்லித் தந்த செய்முறையை ஊருக்கே எழுதிக் காட்ட வேண்டுமா? தேங்காய் எண்ணெய் விலை ஏறும் மாதங்களில் கொஞ்சம் பாம் எண்ணெயும் சேர்ப்பேன். அதையும் எழுத வேண்டுமா?

பதில்: சகோதரி, உங்கள் மாமியாரின் கைப்பக்குவம் உங்களிடமே இருக்கட்டும், அதை யாரும் கேட்கவில்லை. இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் கேட்பது, போத்தலுக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதை. எதை எத்தனை கரண்டி, எந்தத் தீயில், எவ்வளவு நேரம் என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை.

உள்ளடக்கத்தை நிறையின் இறங்குவரிசையில் எழுதுங்கள். சட்டியில் போடும்போது இருந்த நிறைதான் கணக்கு. வெங்காயம் வதங்கிச் சுருண்டு போனாலும் அதற்குத்தான் முதலிடம். பிறகு எண்ணெய், சீனி, மாசி, மிளகாய், புளி, உப்பு என்று உங்கள் அளவுக்கேற்ப வரிசை அமையும். ஏலம், கறுவா, கராம்பு ஆகியவற்றைப் பிரித்துச் சொல்ல மனமில்லையென்றால், 'வாசனைத் திரவியங்கள்' என்று ஒரே சொல்லில் எழுதுவதைச் சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ் ஏற்றுக்கொள்கிறது. உங்கள் இரகசியம் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

மாசியை மட்டும் எங்கும் ஒளிக்க வேண்டாம். 'மாசி (மீன்)' என்று தெளிவாக எழுதுங்கள். கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களின் கோடெக்ஸ் பட்டியலில் பால், முட்டை, நிலக்கடலை ஆகியவற்றோடு மீனும் இருக்கிறது. நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அம்மா வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவர். ஒரு வெள்ளிக்கிழமை பேக்கரியில் வாங்கிய சீனிச் சம்பல் பணிஸைப் பாதி சாப்பிட்ட பிறகுதான் அதில் மாசி இருப்பது அவருக்குத் தெரிந்தது. அன்று முழுவதும் அவர் வேறெதையும் வாயில் வைக்கவில்லை. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

சிறு உற்பத்தியாளருக்கு இந்தச் சுமை எதற்கு, விலக்கு அளிக்கலாமே என்று சிலர் வாதிடுவார்கள். 2016இல் லண்டன் விமான நிலையத்தில் ஒரு பகெட் வாங்கிச் சாப்பிட்ட 15 வயதுச் சிறுமி, மாவுக்குள் கலந்திருந்த எள்ளினால் ஏற்பட்ட ஒவ்வாமையில் இறந்துபோனாள். எள் பற்றி உறையில் ஒரு சொல்லும் இல்லை. கடையிலேயே தயாரித்துப் பொதி செய்யும் உணவுக்கு முழு லேபல் வேண்டியதில்லை என்று அன்றைய சட்டம் விலக்கு அளித்திருந்தது. அந்த விலக்கு இங்கிலாந்தில் நீங்கியது 2021 அக்டோபரில்தான். ஆகவே விலக்கு வேண்டும் என்ற பக்கம் என்னால் நிற்க முடியாது. சிறு உற்பத்தியாளருக்கு லேபல் தயாரிக்க உதவுவதே அரசு செய்ய வேண்டிய வேலை.

அடுத்தது எண்ணெய். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். ஆம், எழுதத்தான் வேண்டும். பாம் எண்ணெய் சேர்ப்பது குற்றமில்லை. அதை மறைத்துத் தேங்காய் எண்ணெய் என்று மட்டும் எழுதுவதுதான் குற்றம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரை மட்டுமல்ல, மற்றொரு வியாபாரியைத் தவறாக வழிநடத்துவதையும் தடை செய்கிறது. உங்கள் தெருவிலேயே இன்னொரு பெண் முழுத் தேங்காய் எண்ணெயில் செய்து, அதற்கேற்ற விலை சொல்லி, விற்க முடியாமல் தவிக்கலாம். இரண்டு போத்தலிலும் ஒரே வாசகம் இருந்தால் விலை குறைந்ததைத்தானே எல்லோரும் எடுப்பார்கள்? எனவே இரண்டு லேபல்கள் அச்சடியுங்கள்; அந்தந்தத் தொகுதிக்கு உரியதை ஒட்டுங்கள்.

மற்றவை எளிது: பொருளின் பெயர், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், அதிகபட்ச சில்லறை விலை, உங்கள் பெயரும் முகவரியும். காலாவதித் திகதியை உத்தேசமாகப் போட வேண்டாம். சில போத்தல்களைத் திறக்காமல் வைத்து, கெட்டுப்போவதற்கு எத்தனை நாளாகிறது என்று பார்த்து, அதற்கு நன்றாக முன்னதாகவே திகதியை வையுங்கள். சீனி, உப்பு, கொழுப்புக்கான நிறக் குறியீடும் உண்டு. 100 கிராமில் சீனி 22 கிராமைத் தாண்டினால் சிவப்பு. சீனிச் சம்பல் அந்த எல்லையைத் தொடலாம் என்பதால் ஆய்வுகூடத்தில் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் லேபல் மாதிரியை அச்சுக்கு முன்பே காட்டுவது நல்லது. வாங்குபவர் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிட்ட பிறகு அதிகாரிகளைச் சந்திப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்று மொழிகளிலும் எழுதுங்கள். தமிழ் வரிகளை அச்சகத்தாரிடமே விட்டுவிடாமல் நீங்களே உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் பாருங்கள். 'மீன்' என்ற சொல் பிழையாக அச்சாகிவிட்டால், தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு அந்த லேபல் இருந்தும் இல்லாததுதான்.

முதல் 40 போத்தலை அனுப்புவதற்கு முன், இந்தத் தொகுதியில் எந்த எண்ணெய் ஊற்றினீர்கள் என்பதை ஒரு கொப்பியில் திகதியோடு குறித்து வையுங்கள்.