சேஃபைத் திறந்ததும் தெரிய வேண்டிய புள்ளி

தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் டீ ரூம் நடத்தும் ஒரு அக்கா கேட்டிருக்கிறார்:

"எனக்கு வயது 52. குளிர்காலத்தில் கடையைச் சாத்திவிட்டு வீடு சேர்வதற்குள் நன்றாக இருட்டிவிடுகிறது. என் பெயரில் லைசன்ஸ் எடுத்த கிளாக் 19 கைத்துப்பாக்கி இருக்கிறது, செகண்ட் ஹேண்டாக வாங்கியது. இருட்டில் குறி பார்க்க அதில் இருக்கும் நைட் சைட்டின் மூன்று பச்சைப் புள்ளிகளும் மங்கிப்போய்விட்டன. கடையில் மூன்று வகை காட்டினார்கள்: அதே மூன்று புள்ளி ட்ரிட்டியம், ஃபைபர் ஆப்டிக், வெளிச்சம் காட்டினால் கொஞ்ச நேரம் ஒளிரும் பூச்சு. விலையில் பெரிய வித்தியாசம். படிக்கக் கண்ணாடி போடுகிறவள் நான். எதை வாங்கட்டும், தம்பி?"

அக்கா, ட்ரிட்டியமே வாங்குங்கள். ஆனால் ஒரே மாதிரி மூன்று புள்ளி வேண்டாம். குழல் முனைப் பக்கம் இருக்கும் முன் சைட்டில் மட்டும் பெரிதாக, பளிச்சென்று ஒரு புள்ளி இருக்கட்டும். கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பின் சைட் வெறும் கறுப்பாக இருக்கட்டும், இல்லையென்றால் மங்கலான புள்ளியோடு இருக்கட்டும். இந்தச் செலவுக்கும் முன்னால் ஒரு நல்ல கை டார்ச் வாங்கிவிடுங்கள்.

முதலில், மற்ற இரண்டு வகையும் உங்களுக்கு ஏன் ஒத்துவராது என்று சொல்கிறேன். உங்கள் துப்பாக்கி நாள் முழுக்க எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அது உங்கள் உடம்போடு, உங்கள் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விதிப்படியான சேஃபில் பூட்டியிருக்க வேண்டும். தலையணைக்கு அடியில், பீரோவில் புடவைகளுக்கு நடுவில் என்ற பேச்சே கிடையாது. வெளியே எடுத்துப் போகும்போதும் உறையில் போட்டு, முழுக்க மறைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஆக, உங்கள் துப்பாக்கி எப்போதும் இருட்டிலேயே கிடக்கிறது. ஒளிரும் பூச்சுக்கு முதலில் வெளிச்சம் காட்டினால்தான் பிறகு அது ஒளிரும். எட்டு மணி நேரம் சேஃபில் கிடந்த பூச்சு, எடுக்கிற நேரத்தில் வெறும் வெள்ளைச் சாயம்தான். ஃபைபர் ஆப்டிக் என்பது சுற்றியுள்ள வெளிச்சத்தைக் குடித்து நுனியில் காட்டும் ஒரு பிளாஸ்டிக் இழை. பகலில் அதற்கு ஈடே இல்லை. போட்டிகளில் சுடுகிறவர்கள் அதை விரும்புவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் நீங்கள் இருண்ட நடையில் நின்றுகொண்டு வெளிச்சமான வாசலைப் பார்க்கிறீர்கள் என்றால், வெளிச்சம் அந்தப் பக்கம்தான் இருக்கும், இழை உங்களோடு இருட்டில் இருக்கும். அப்போது அது ஒளிராது.

ட்ரிட்டியத்துக்கு யாருடைய தயவும் வேண்டாம். அது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயின் உட்சுவரில் ஒளிரும் பொடியைப் பூசி, உள்ளே அந்த வாயுவை அடைத்து மூடிவிடுகிறார்கள். வாயுவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் பொடியில் மோத மோத, இரவு பகல் நிற்காமல் அது ஒளிர்கிறது. பேட்டரியும் கிடையாது, சுவிட்சும் கிடையாது. கதிரியக்கம் என்றதும் பயப்பட வேண்டாம். அந்த எலக்ட்ரான்களுக்கு நம் தோலின் மேல்படலத்தைக்கூடத் தாண்டும் வலு இல்லை. குழாய் உடைந்தால் மட்டும் ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய்விடுங்கள். உடைந்த துண்டுகளை வெறுங்கையால் தொடாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஆனால் ட்ரிட்டியத்துக்கும் ஆயுள் உண்டு. அதன் அரை ஆயுள் 12.3 வருடம். ஐந்து வருடத்தில் முக்கால்வாசி வெளிச்சம் இருக்கும், பன்னிரண்டு வருடத்தில் பாதி, இருபது வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உள்ளே இருக்கும் பொடியும் வயதாகித் தேய்வதால், நிஜத்தில் இதைவிட மங்கலாகவே தெரியும். உங்கள் துப்பாக்கியில் நடந்திருப்பது இதுதான், யாரும் உங்களை ஏமாற்றவில்லை. புதிதாக வாங்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது தயாரித்த வருடம். பெட்டியிலோ சைட்டின் பக்கவாட்டிலோ பெரும்பாலும் போட்டிருக்கும். கடை அலமாரியில் நாலு வருடம் தூங்கிய சைட் என்றால், நாலு வருடத்து வெளிச்சத்தை இழந்துவிட்ட பொருளுக்குத்தான் முழு விலை கொடுக்கிறீர்கள். கடையிலேயே உள்ளங்கையைக் குவித்து மூடிப் பார்த்து "நல்லா எரியுது" என்று முடிவு செய்யாதீர்கள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழக நேரம் பிடிக்கும். முடிந்தால் ஜன்னல் இல்லாத அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள்.

அப்புறம் அந்த மூன்று புள்ளி விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடைகளில் அதிகம் விற்பது இதுதான், இதன் குறையை வாங்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை.

போன வருடம் ஒரு மாணவருக்கு இருட்டு அறையில் பயிற்சி கொடுத்தேன். துப்பாக்கி காலி என்று இருவரும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, குழலுக்குள் பயிற்சிக்கான லேசர் தோட்டாவைப் போட்டோம். ட்ரிகரை அழுத்தினால் குண்டு போயிருக்க வேண்டிய இடத்தில் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னும். விளக்கை அணைத்தேன். ஐந்து மீட்டர் தள்ளிச் சுவரில் ஒரு வெள்ளைத் தட்டு மங்கலாகத் தெரிந்தது. "தூக்கிச் சட்டென்று அழுத்துங்கள்" என்றேன். அவர் அழுத்தினார். சிவப்புப் புள்ளி தட்டுக்கு இடப்பக்கம், ஒரு சாணுக்கும் மேலே தள்ளி மின்னியது. "மூணும் வரிசையாத்தானே இருந்துச்சு" என்றார். அப்படியே அசையாமல் பிடிக்கச் சொல்லி, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். வரிசையாகத்தான் இருந்தது. ஆனால் முன் சைட்டின் புள்ளி நடுவில் இல்லை, பின் சைட்டின் இரண்டு புள்ளிகளுக்கும் வெளியே, இடது ஓரத்தில் நின்றது. மூன்றும் ஒரே நிறம், ஒரே பிரகாசம். இருட்டில் துப்பாக்கியின் உருவம் தெரியவில்லை. எது முன், எது பின் என்று கண் எப்படிக் கண்டுபிடிக்கும்? அவர் புதியவர்கூட இல்லை, பல வருடமாகச் சுடுகிறவர்.

முன் சைட் மட்டும் பெரிதாகவும், அதைச் சுற்றி ஆரஞ்சு அல்லது மஞ்சள் வளையத்தோடும் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. வளையம் பகலிலும் மாலையிலும் கண்ணை இழுக்கும், நடுவிலிருக்கும் ட்ரிட்டியம் இருட்டில் இழுக்கும். ட்ரிட்டியம் பச்சையாகவே இருக்கட்டும். நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிகம் எடுபடும். ஆரஞ்சு நிற ட்ரிட்டியம் மங்கலாகத் தெரியும், சீக்கிரமே பயனற்றுப் போனது போலவும் இருக்கும். பின் சைட்டிலும் புள்ளி வேண்டும் என்றால், முன்புறத்தைவிட மங்கலானதாக, வேறு நிறத்தில் உள்ளதாக வாங்குங்கள். ட்ரிஜிகான், மெப்ரோலைட் போன்ற கம்பெனிகள் கிளாக்குக்கு இப்படிப்பட்ட சைட் செய்கிறார்கள். பெயரைவிட அமைப்பைப் பாருங்கள்.

உங்கள் கண்ணைப் பற்றி. 52 வயதில் பக்கத்துப் பொருளில் குவியம் வராது, முன் சைட் பஞ்சுபோல் தெரியும். பெரிய புள்ளியும், பின் சைட்டில் அகலமான வெட்டும் இதற்கு நிறைய உதவும். முன் சைட்டின் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிற மாதிரி வெட்டு இருக்க வேண்டும். நீங்கள் புரோகிரஸிவ் கண்ணாடி போடுகிறவர் என்றால், முன் சைட்டைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்க்கிறீர்களா என்று கவனியுங்கள். படிக்கும் பகுதி கீழே இருப்பதால் பலர் அப்படிச் செய்கிறார்கள். கையை நீட்டிப் பிடித்தால் கண்ணிலிருந்து முன் சைட் எவ்வளவு தூரம் என்று ஒருவரை அளக்கச் சொல்லி, அந்த அளவைக் கண் பரிசோதகரிடம் கொடுங்கள். 65 செ.மீ. அளவில் வரும். கம்ப்யூட்டர் பார்க்கப் போடும் கண்ணாடியின் தூரம்தான், அவருக்கு உடனே புரியும். ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) பொருத்தினால் கண் பிரச்சினை இன்னும் நன்றாகத் தீரும். ஆனால் உங்கள் துப்பாக்கி பழையது என்பதால் ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேல்பகுதி இரும்பை, குடைய வேண்டியிருக்கலாம். பேட்டரி, புதுப் பழக்கம் என்று செலவும் வேலையும் கூடும். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் எண்ணம்.

இனி டார்ச். நைட் சைட் உங்கள் துப்பாக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எதிரில் நிற்பது யார் என்று சொல்லாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு நடந்த ஒரு இரவில், சமையலறையில் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார். நடையில் நின்று டார்ச் அடித்தார். ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு முன்னதாகவே வந்துவிட்ட மகள், யூனிஃபார்மோடு நின்று மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தாள். அவர் கையில் டார்ச் இல்லாமல் வெறும் பச்சைப் புள்ளி மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

டார்ச் அடித்துவிட்டால், அந்த வெளிச்சத்தில் சைட் கறுப்பு நிழலாகத் தெளிவாகத் தெரியும், ட்ரிட்டியத்தின் தேவையே குறைந்துவிடும். அப்படியானால் ட்ரிட்டியம் எதற்கு? அந்தி நேரத்துக்கு, தெருவிளக்கின் பாதி வெளிச்சத்துக்கு. ஆளும் முகமும் தெரியும், கறுப்புச் சைட் மட்டும் கறுப்புச் சட்டையில் தொலைந்துபோகும். நீங்கள் கடையைச் சாத்துகிற ஜூன் மாதக் குளிர்கால மாலை அந்த மாதிரி நேரம்தான். அதனால்தான் இரண்டுமே வேண்டும் என்கிறேன். வீட்டுக்கு 300 முதல் 500 லூமென் போதும். அதற்கு மேல் போனால் வெள்ளைச் சுவரில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். பின்பக்கப் பொத்தானை அழுத்தும்வரை மட்டும் எரிகிற மாதிரி பாருங்கள். துப்பாக்கியில் மாட்டும் விளக்கு வேண்டாம். அதை வைத்துத் தேடினால், வெளிச்சம் படும் ஒவ்வொருவர் மீதும் குழலை நீட்டுகிறீர்கள் என்று அர்த்தம். சத்தம் கேட்டால் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ஆர்ம்டு ரெஸ்பான்ஸ் (ஆயுதக் காவல் கம்பெனி) பட்டனை அழுத்தி, போலீஸின் 10111-க்குப் போன் செய்வதுதான் முதல் வேலை. அவர்கள் வந்து சேரும்போது உங்கள் கையில் துப்பாக்கி தெரியக் கூடாது.

பொருத்துவதை நீங்களே செய்ய வேண்டாம். பின் சைட் ஸ்லைடின் குறுக்குப் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் தட்டினால் கண்ணாடிக் குழாய் விரிசல் விடும். அதைத் தள்ளிப் பொருத்தத் தனிக் கருவி வைத்திருக்கும், பதிவு பெற்ற கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கொடுங்கள். முன் சைட்டின் குட்டி ஸ்க்ரூவில் நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். வாங்கி வந்ததும் சைட்டிலும் ஸ்லைடிலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகினால் சைட் நகர்ந்துவிட்டது என்று தெரிந்துவிடும். உங்கள் பழைய உறையில் புதுச் சைட் உரசுகிறதா, உயரமான முனை துணியில் மாட்டுகிறதா என்று காலித் துப்பாக்கியை வைத்துப் பாருங்கள். பஞ்சாபி சூட்டின் மேல்துணி இதில் ரொம்பவே மாட்டும்.

பிறகு சுடுதளத்துக்குப் போய், பத்து மீட்டரில் மணல் மூட்டை மேல் கையை வைத்து ஐந்து ரவுண்டு சுடுங்கள். கூட்டமாக வலப்பக்கம் விழுந்தால் பின் சைட்டை இடப்பக்கம் நகர்த்த வேண்டும். கீழே விழுந்தால் முன் சைட் உயரம் அதிகம் என்று பொருள். உங்கள் துப்பாக்கியில் இரண்டு சைட்டுக்கும் இடையே ஏறக்குறைய 15 செ.மீ. இருக்கும். பத்து மீட்டரில் 5 செ.மீ. கீழே விழுகிறது என்றால், முன் சைட்டில் முக்கால் மில்லிமீட்டர் குறைந்தால் சரியாகிவிடும். ஆனால் அதை மாற்றுவதற்கு முன் உங்கள் முன்னிலையிலேயே பயிற்சியாளரை ஐந்து ரவுண்டு சுடச் சொல்லிப் பாருங்கள். வலது கைக்காரர்களுக்குக் கீழ் இடப்பக்கம் விழுவது பெரும்பாலும் ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பதால்தான், சைட்டின் தவறு அல்ல.

துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது சால்வென்ட்டில் சைட்டை ஊற வைக்காதீர்கள், குழாயைப் பிடித்திருக்கும் பசை இளகிவிடும். நம் பக்கம் கடல் காற்று என்பதால், வாரம் ஒரு முறை சைட்டைச் சுற்றியுள்ள இரும்பில் எண்ணெய்த் துணியால் லேசாக ஒரு துடைப்பு போதும். கழற்றிய பழைய சைட்டை வீட்டுக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மங்கிப்போயிருந்தாலும் உள்ளே இன்னும் ட்ரிட்டியம் இருக்கிறது. கன்ஸ்மித்திடமே கொடுத்து முறைப்படி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.