பழைய நேரம், புதிய நேரம்

வாசகர் கேள்வி-பதில். பதில் சொல்பவர், மட்டக்களப்பு கல்லடியில் 40 வருடத்துக்கு மேலாக றேடியோ திருத்தும் ஒருவர்.

கேள்வி: என் மகள் தன்னை ‘ஜென் ஸீ’ என்கிறாள், என்னை ‘மில்லெனியல்’ என்கிறாள். நான் 1984இல் பிறந்தவள். இந்தக் கணக்கு நம் ஊருக்குப் பொருந்துமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மகள் சொல்வது அமெரிக்காவில் பியூ ஆய்வு நிறுவனம் போட்ட கணக்கு. 1981 முதல் 1996 வரை பிறந்தவர்கள் மில்லெனியல், 1997 முதல் 2012 வரை ஜென் ஸீ. 1996இல் கோடு போட்டதற்கு அவர்களிடம் காரணம் இருக்கிறது. 2001 செப்டெம்பரில் நியூயோர்க் கோபுரங்கள் விழுந்ததை விவரம் தெரிந்த வயதில் பார்த்தவர்கள் ஒரு பக்கம், நினைவில் வைக்க முடியாத சிறுசுகள் மறுபக்கம். 2007இல் ஐபோன் வந்தபோது ஜென் ஸீயில் மூத்தவர்களுக்கே 10 வயதுதான். அந்த நாட்டுக்கு அது சரி. பெரிய நிகழ்வும் புதுக் கருவியும் எந்த வயதில் வந்து சேர்ந்தன என்று பார்க்கிறார்கள்.

அதே முறையை இங்கே போட்டால் வாவி குறுக்கே வந்து நிற்கும். என் தங்கச்சி மகன் 1984இல் கல்லடியில் பிறந்தான். என் மனைவியின் அக்கா மகள் அதே வருடம் கொக்கட்டிச்சோலையில் பிறந்தாள். அவன் எழுவான்கரை, அதாவது வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம். இவள் படுவான்கரை, வாவிக்கு மேற்கே. 1990 ஜூனில் திரும்பச் சண்டை தொடங்கியபோது இரண்டு பேருக்கும் 6 வயது. இங்கே கரண்ட் போய் வந்துகொண்டாவது இருந்தது, டிவியில் ரூபவாஹினி பார்க்கலாம். அங்கே புலிகளின் கட்டுப்பாடு, அதனால் அங்கே போகிற சாமான்களில் பட்டரிக்கும் அரசாங்கத்தின் தடை. டோர்ச்சுக்குப் போடுகிற சின்னப் பட்டரியைத்தான் சொல்கிறேன். செத்த பட்டரியை வெயிலில் காய வைத்து, இன்னும் அரை மணித்தியாலம் உயிர் பிடிப்பார்கள்.

அதுவும் முடிந்தால் சைக்கிள். ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்தால் டைனமோ 6 வோல்ட் தரும். நான்கு பட்டரி போடுகிற றேடியோவுக்கும் 6 வோல்ட்தான் வேண்டும். ஆனால் டைனமோவில் வருவது ஏசி, திசை மாறி மாறி ஓடும் கரண்ட். அப்படியே கொடுத்தால் றேடியோ உறுமும், பிறகு பழுதாகும். அதை ஒரே திசையில் ஓடும் டீசியாக்க நான்கு டயோட்டும் ஒரு கப்பாசிட்டரும் நடுவில் வைக்க வேண்டும். பாதையில் வாவியைக் கடந்து வருகிறவர்களுக்கு நான் எத்தனையோ செய்து கொடுத்திருக்கிறேன். (வெளியூர்க்காரருக்கு: பாதை என்றால் இங்கே ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிப்போகும் மிதவை.) மிதிக்கிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் களைக்கும். அந்தப் பிள்ளை உலகச் செய்தியைத் தகப்பனின் மூச்சிரைப்போடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தவள்.

இன்னொன்றும் உண்டு, இப்போது சொன்னால் நம்பமாட்டார்கள். 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இதை ஏற்கவில்லை. 2006 ஏப்ரல் வரை இங்கே ‘புதிய நேரம்’, அங்கே ‘பழைய நேரம்’. பிபிசி தமிழோசை எங்களுக்கு ஒன்பதே முக்காலுக்கு, அவர்களுக்கு ஒன்பதே காலுக்கு. கொக்கட்டிச்சோலையில் செத்தவீடு என்றால் எந்த நேரத்தில் எடுக்கிறார்கள் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவோம்.

2002 சமாதானத்துக்குப் பிறகு தங்கச்சி மகன் கையில் போன் வந்துவிட்டது. அவள் வீட்டில் பல்பு எரிந்தது போர் முடிந்த பிறகுதான். வாவிக்கு மேலே மண்முனைப் பாலம் திறந்தது 2014இல்.

போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்தார்கள். திடீரென்று கரண்ட் போனது. அவன் ‘ஜெனரேட்டர் இல்லையா?’ என்று கேட்டான். அவள் எழும்பி, இருட்டில் பிள்ளைகளின் தலைகளைத் தொட்டு எண்ணினாள். பியூ நிறுவனத்திடம் கேட்டால் இரண்டு பேரும் மில்லெனியல்தான்.

நீங்கள் களுவாஞ்சிக்குடி என்கிறீர்கள். பிறந்த ஊரும் அதுதானா, அல்லது குறுமன்வெளிப் பாதையால் இந்தப் பக்கம் கல்யாணம் முடித்து வந்தவரா என்று தெரிந்தால்தான் உங்களுக்குப் பதில் சொல்லலாம்.

கேள்வி: என் வாப்பா 1957 வெள்ளத்தை நேற்று நடந்தது போலச் சொல்கிறார். அப்போது அவருக்கு 14 வயதாம். ஆனால் போன கிழமை நடந்ததைக் கேட்டால் முழிக்கிறார். அந்தக் காலத்து ஆட்களின் மூளை வேறா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மூளை ஒன்றுதான், வயதுதான் காரியம். ஷூமன், ஸ்கொட் என்ற இரண்டு சமூகவியல் ஆய்வாளர்கள் அமெரிக்கர்களிடம் ‘கடந்த ஐம்பது வருடத்தில் எது முக்கியமான நிகழ்வு?’ என்று கேட்டு 1989இல் எழுதினார்கள். பெரும்பாலும் ஆட்கள் தங்கள் பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் நடந்ததையே சொன்னார்கள். உலகப்போர் நடந்தபோது இளைஞராக இருந்தவர் உலகப்போரைச் சொன்னார், வியட்நாம் காலத்து இளைஞர் வியட்நாமைச் சொன்னார். வாப்பாவின் 14 வயது அந்தக் கணக்குக்குள் சரியாக விழுகிறது. போன கிழமையை மறப்பது வேறு விஷயம். அது கூடிக்கொண்டு போனால் டொக்டரிடம் காட்டுங்கள்.

எனக்கு 1978 சூறாவளி. நவம்பர் 23 இரவு, 17 வயது. தகரம் முழுதும் போய்விட்டது, விடியப் பார்த்தால் எங்கள் வளவில் நின்றுகொண்டிருந்த தென்னை ஒன்றும் இல்லை. அப்பாவின் வால்வு றேடியோ தண்ணீரில் ஊறிக் கிடந்தது. அதைத் திறந்து உள்ளே பார்த்தது அன்றுதான் முதல் தடவை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றாமலே துடைத்து, நாள்கணக்காக வெயிலில் வைத்தேன். சரியாகிவிட்டதா என்று போட்டுப் பார்க்கவும் கரண்ட் இல்லை. கம்பிகளெல்லாம் நிலத்தில். கரண்ட் திரும்பி வந்த நாளில் சுவிட்சைத் திருகினேன், வால்வு மெல்லச் சிவந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை, தெருவில் பழுதான இன்னொரு றேடியோவை வாங்கிவந்து முன்னால் வைத்தார். சூறாவளி சாதாரணமாகக் கரை கடந்து போயிருந்தால் நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காகப் போயிருப்பேன். அம்மாவின் விருப்பம் அதுதான்.

கேள்வி: இப்போது றேடியோ திருத்த யாராவது வருகிறார்களா மாமா?
– மாணவன், நாவற்குடா

பதில்: மாதத்துக்கு இரண்டு பேர். மற்றதெல்லாம் மிக்ஸியும் ஃபேனும். 2017 ஏப்ரலில் தமிழோசை சிற்றலையில் நின்றபோது, ஒன்பதே காலுக்குக் கடைக்கு வந்துகொண்டிருந்த கடைசி மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். தேநீர்ச் செலவு மிச்சம்.

கேள்வி: சுனாமியில் என் அம்மாவை இழந்தேன். மகனுக்கு 15 வயது, அந்தக் கதை சொல்லத் தொடங்கினால் போனை எடுக்கிறான். இந்தத் தலைமுறைக்கு எப்படிச் சொல்வது?
– வாசகி, திருக்கோவில்

பதில்: தங்கச்சி, உங்கள் வலிக்கு என்னிடம் பதில் இல்லை. போனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாள். சுமாத்ராவில் பூமி அதிர்ந்தபோது எங்கள் மணிக்கூட்டில் காலை ஏழு ஆக ஒரு நிமிடம். கடல் இங்கே வரக் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் இருந்தது. றேடியோ இருந்தது, டிவி இருந்தது, பலரிடம் போனும் இருந்தது. எங்கள் கடற்கரை நாவலடியில் ஒருவரும் ஒன்றும் கேள்விப்படவில்லை. 2012 ஏப்ரல் 11 பின்னேரம் சுமாத்ராப் பக்கம் மறுபடி அதிர்ந்தது, 8.6 அளவு. அன்று எங்கள் தெரு முழுக்கப் போன் அடித்தது. எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு டவுன் பக்கம் ஓடினோம். பெரிய அலை வரவில்லை. உங்கள் மகன் போனை எடுக்கும்போது எனக்கு அந்தப் பின்னேரம்தான் ஞாபகம் வருகிறது. எரிச்சலும் வருகிறது, பொய் சொல்லக்கூடாது.

என் பேரனுக்கும் அதே வயது. சண்டைக் கதை தொடங்கினால் ‘தெரியும் அம்மப்பா’ என்பான். அவன் பட்டதை நான் கேட்டதில்லை என்று பிறகுதான் உறைத்தது. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்துக் குண்டுச் சத்தம் கேட்டபோது அவனுக்கு 9 வயது. அடுத்த வருடம் கொரோனா, தாயின் போனில் வட்ஸ்அப் வகுப்பு. 2022இல் பெற்றோல் வரிசை. என் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் பங்கீட்டு கியூஆர் எடுத்து, லமினேட் பண்ணித் தந்தது அவன்தான். கிழமைக்கு 4 லீட்டர்.

அந்த வருடம் கரண்ட் வெட்டிய ஒரு இரவில் அவனே கேட்டான்: ‘அம்மப்பா, டைனமோவில போன் சார்ஜ் ஏறுமா?’ நான் சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடையைத் திறந்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் நான்கு டயோட், கப்பாசிட்டர், 5 வோல்ட்டுக்கு ஒரு 7805 ஐசி எல்லாம் எடுத்து வைத்தேன். ஈயம் ஒட்ட அடுப்பில் கம்பி காய்ச்சினோம். அவன் ஏறி மிதித்தான். கொஞ்ச நேரத்தில் ‘இப்படியா நியூஸ் கேட்டீங்க?’ என்றான். ‘நானில்ல மனே, அக்கரையில’ என்றேன். யார் மிதித்தது, எவ்வளவு நேரம், பட்டரிக்கு ஏன் தடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டான்.

அரை மணித்தியாலத்தில் 3 வீதம் ஏறியது. அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அவன் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.