இந்தியா–இலங்கை உறவில் வல்லரசுகள் எப்படி நுழைகின்றன?

இரண்டு அண்டை நாடுகளின் பாதுகாப்பு உறவில் மூன்றாவது வல்லரசு எப்படிச் செல்வாக்குப் பெறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரியிலிருந்து எழுதுவதால் இலங்கையையே எடுத்துக்கொள்கிறேன். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் குடும்பங்கள் டான்டீ எனப்படும் தமிழக அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் இந்த நீலகிரி மாவட்டத்தில் அந்த உறவு வெறும் செய்தி அல்ல.

வல்லரசு பெரும்பாலும் படையோடு வருவதில்லை. கடனோடும் கட்டுமானத்தோடும் வருகிறது. சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஆகஸ்டில் செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் கண்காணிக்கவல்ல யுவான் வாங் 5 என்னும் சீன ஆய்வுக் கப்பல் அங்கு வரவிருந்தபோது, இந்தியா கவலை தெரிவித்ததால் வருகையைத் தள்ளிவைக்கக் கேட்ட கொழும்பு, சில நாட்களிலேயே அனுமதியும் கொடுத்துவிட்டது. இத்தனைக்கும் அந்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இந்தியா அளித்த உதவி ஏறத்தாழ 400 கோடி டாலர். பிறகு 2024-இல் கொழும்பு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் அனைத்துக்கும் ஓராண்டுத் தடை விதித்து, யார் பெயரையும் சொல்லாமல் தப்பித்துக்கொண்டது. இதைத் துரோகம் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரு பெரியவர்களுக்கு இடையே சிறிய நாட்டிடம் இருக்கும் ஒரே மூலதனம் இந்தப் பேரம்தான்.

இது புதிதும் அல்ல. பனிப்போர்க் காலத்தில் இந்தியாவுக்கு அமெரிக்கா மீதிருந்த ஐயத்தின் சாயலை, 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் காணலாம்: திருகோணமலையை இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் ராணுவப் பயன்பாட்டுக்கும் தருவதில்லை என்று இலங்கை அதில் உறுதியளித்தது.

இந்தியாவும் சும்மா இருப்பதில்லை. இம்மாவட்டத்திலுள்ள வெலிங்டன் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் அண்டை நாட்டு அதிகாரிகளுக்கு இடம் கொடுப்பது அவர்களுடனான நெருக்கத்தைப் பேணும் வழிகளில் ஒன்று. ஆனால் அங்கு இலங்கை அதிகாரிகள் பயில்வதற்கு 2013-இல் தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பு, டெல்லியின் கணக்கும் தமிழக உணர்வும் ஒரே திசையில் செல்வதில்லை என்பதைக் காட்டியது.