அனுப்பும் செலவில் நியாயம் எது? – வாசகர் கேள்வி பதில்

ஆன்லைனில் வாங்குவோரும் விற்போரும் கூரியர், பேக்கிங் கட்டணம் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்து இளம்பிள்ளை சேலை மூன்று எடுத்தேன். ஒரு சேலைக்கு ஷிப்பிங் 80 ரூபாய் என்று மூன்றுக்கும் 240 ரூபாய் வாங்கினார்கள். வந்தது ஒரே கவர். கேட்டால், "எல்லாருக்கும் இதே ரேட்தான் அக்கா" என்கிறார்கள். இது சரியா?
– வாசகி, ஆத்தூர்

பதில்: சரியில்லை. அதற்காக, ஒரே கவர்தானே, 80 ரூபாய் போதும் என்று கேட்பதும் பொருந்தாது. கூரியரில் கணக்கு எடைக்குத்தான், கவருக்கு இல்லை. பெரும்பாலும் அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் 500 கிராமுக்கு 45 ரூபாய், அடுத்த ஒவ்வொரு 500 கிராமுக்கும் 30 ரூபாய் என்று கூரியர்காரர் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிளவுஸ் துணியோடு சேலை 600 கிராம். கவரோடு 630. இது 1 கிலோ கணக்கில் விழும்: 75 ரூபாய். கவருக்கு 5 ரூபாய் சேர்த்தால் 80. ஆக, ஒரு சேலைக்கு அவர்கள் சொன்ன தொகை நியாயமானதுதான். இரண்டு சேலை 1 கிலோ 240 கிராம் வரும். ஒன்றரைக் கிலோ கணக்கு, 105 ரூபாய். மூன்று சேலை 1 கிலோ 850 கிராம். 2 கிலோ கணக்கு, 135 ரூபாய். பெரிய கவருக்கு 10 ரூபாய் போட்டாலும் இரண்டுக்கு 115, மூன்றுக்கு 145. உங்களிடம் 95 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள்.

குரூப் நடத்துகிறவரே இந்தப் பணத்தை எடுத்துக்கொண்டார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ரீசெல்லிங்கில் சேலை அவர் கைக்கு வருவதே இல்லை. தறிக்காரரோ மொத்தக் கடைக்காரரோ அவர் பெயரைப் போட்டு நேராக உங்களுக்கு அனுப்புகிறார். அங்கேயே 'பீஸுக்கு இவ்வளவு' என்று வைத்திருந்தால் ரீசெல்லருக்கும் அதே அடிதான். அடுத்த முறை பணம் போடுவதற்கு முன்பே, "மூன்றும் சேர்த்து எத்தனை கிலோ வரும், எந்தக் கூரியர்?" என்று கேளுங்கள். புக்கிங் ரசீதின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். அதில் எடை இருக்கும். விற்பவர்கள் '1 சேலை 80, 2 சேலை 115, 3 சேலை 145' என்று குரூப்பின் மேலேயே ஒட்டிவைத்துவிட்டால் வாக்குவாதத்துக்கே இடமில்லை. வாங்குகிறவர்களும் ஒன்றுக்கு இரண்டாக எடுப்பார்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காபிக் கொட்டையை வறுத்து, அரைத்து ஆன்லைனில் விற்கிறோம். அரைக் கிலோ பை இரண்டு, பெட்டியோடு 1 கிலோ 200 கிராம்தான். ஒன்றரைக் கிலோவுக்கான கட்டணத்தை வாங்கி அனுப்பினால், பத்து நாள் கழித்து கூரியர் கம்பெனி இரண்டரைக் கிலோ என்று பில் போடுகிறது. வாங்கியவரிடம் திரும்பப் போய்க் கேட்க முடியுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கேட்கக் கூடாது. பெட்டியின் அளவு உங்கள் கையில் இருந்த விஷயம். வாங்கியவருக்கு அதில் பங்கில்லை. எங்கே தவறியது என்று பார்ப்போம்.

கூரியரில் இரண்டு எடை உண்டு. ஒன்று தராசு எடை. மற்றது இட எடை: பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் கிலோவில் வரும். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். சில நிறுவனங்கள் 4,000, 4,500 என்று சிறிய எண்ணால் வகுக்கின்றன. அப்போது இட எடை இன்னும் ஏறும். ஒப்பந்தத்தில் எந்த எண் என்று முதலில் பாருங்கள்.

நீங்கள் 30 × 20 × 15 பெட்டி பயன்படுத்துவதாகக் கொண்டால், பெருக்கினால் 9,000. 5,000-ஆல் வகுத்தால் 1.8 கிலோ. அப்போதே 2 கிலோ கணக்கு வந்துவிட்டது. அது எப்படி இரண்டரை ஆகிறது? பெட்டி புடைப்பதால். கூரியர் கிடங்கில் பெட்டியை அதன் மிக அகலமான இடத்தில் அளக்கிறார்கள். புடைத்து நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் கூடினால் 31 × 21 × 16, அதாவது 10,416. இட எடை 2.08 கிலோ. 2 கிலோவைத் தாண்டியதும் இரண்டரைக் கிலோ பில்.

காபிப் பெட்டி புடைப்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. வறுத்த காபியிலிருந்து சில நாட்களுக்குக் கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். வறுத்து, அரைத்து, சூடு ஆறியதும் சாதாரணப் பையில் சீல் வைத்தால் பை பலூன் மாதிரி உப்பி அட்டையைத் தள்ளும். காற்று வெளியே மட்டும் போகும் வால்வு வைத்த பைகளை வாங்குங்கள். அல்லது வறுத்த கொட்டையை இரண்டு நாள் தளர்வாக மூடி வைத்திருந்து, பிறகு அரைத்து சீல் வையுங்கள். மணம் போய்விடும் என்று பயந்து உடனே சீல் வைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு.

பெட்டியை 24 × 16 × 12 அளவுக்குக் குறையுங்கள். 4,608 வரும், இட எடை 0.92 கிலோ. தராசு எடையே பெரிதாக நின்றுவிடுவதால் ஒன்றரைக் கிலோவோடு முடியும். மூன்றடுக்கு அட்டை இந்த எடைக்குப் போதும். ஐந்தடுக்கு அட்டை எடையைத்தான் கூட்டும். சேலம் லீ பஜார் பக்கம் மளிகைக்கு வந்த பழைய அட்டைப் பெட்டிகளைச் சும்மா கிடைக்கிறது என்று எடுக்க வேண்டாம். மடிந்த அட்டை சீக்கிரம் புடைக்கும், மிளகாய் வாசனை காபியில் ஏறும். பெட்டியை ஒட்டிய பிறகு அளவு டேப் வைத்து அளந்து, தராசில் வைத்து, இரண்டும் தெரிய, லேபிளும் தெரியப் படம் எடுத்துவைக்கவும். தவறான எடைக்கு ஆட்சேபம் சொல்லச் சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள். அந்தப் படம் இல்லாமல் ஆட்சேபம் நிற்காது.

பேக்கிங் கட்டணம் வாங்குவதிலும் தவறில்லை. அட்டைப் பெட்டி, டேப், லேபிள், இடைவெளி நிரப்பும் காகிதம் ஆகியவற்றின் விலையைக் கூட்டி வாங்கலாம். வால்வுப் பை இதில் வராது. பை இல்லாமல் காபித்தூளே விற்க முடியாதே. அது பொருளின் விலைக்குள் இருக்க வேண்டியது. ஒட்டும் ஆளின் கூலியும், வழியில் உடைந்து போகும் பெட்டிகளின் நஷ்டமும் அப்படித்தான்.

கேள்வி: 60 கிராம் வெள்ளிக் கொலுசுக்கு அனுப்பும் செலவு 190 ரூபாய், அதன் மேல் 18 சதவீத வரி வேறு. இவ்வளவு சின்னப் பொட்டலத்துக்கு இது அநியாயம் இல்லையா?
– வாசகி, செவ்வாய்பேட்டை

பதில்: 190 ரூபாய் நியாயமாக இருக்கலாம். 18 சதவீதம் வாங்கியது நியாயமில்லை.

கொலுசில் எடை பெரிதல்ல, மதிப்புதான் பெரிது. பல கூரியர் நிறுவனங்களின் நிபந்தனைகளில் நகை ஏற்கப்படாத பொருள் பட்டியலில் இருக்கும். 'பேன்சி சாமான்' என்று எழுதி அனுப்பி, வழியில் தொலைந்தால் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. அதனால் நகைக்கு இன்ஷூரன்ஸ் செய்து அனுப்ப வேண்டும். அஞ்சலகத்திலும் அந்த வசதி உண்டு. "எத்தனை ரூபாய்க்கு இன்ஷூர் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். ரசீதில் கொலுசின் விலைக்கு நிகரான தொகை இருந்தால் 190 கொடுக்கத் தக்கதே. இன்ஷூரன்ஸே இல்லையென்றால் அந்தப் பணம் எதற்கென்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

வரி விஷயம் வேறு. பொருளை விற்பவரே அனுப்பிவைத்து அதற்கு வாங்கும் தொகை, பேக்கிங் கட்டணம் உட்பட, ஜிஎஸ்டி சட்டத்தின் 15-வது பிரிவுப்படி பொருளின் விலையோடு சேரும். பொருளுக்கு என்ன வரியோ அதுவே அதற்கும். வெள்ளிக் கொலுசுக்கு 3 சதவீதம், ஆகவே அனுப்பும் செலவுக்கும் 3 சதவீதம்தான். கூரியர் கம்பெனி கடைக்காரரிடம் 18 சதவீதம் வாங்குவது உண்மை. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைக்காரர் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்கிறார், அதாவது தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறார். உங்களிடமும் வாங்கினால் இரண்டு முறை வாங்கியதாகிறது. பதிவே இல்லாதவர் என்றால் வரி என்ற பெயரில் எதுவும் வாங்கக் கூடாது.

கேள்வி: பொருளின் விலை 299 என்று பார்த்து உள்ளே போனால், பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் 'ஹேண்ட்லிங்' 29 ரூபாய் சேர்கிறது. இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: உண்டு. 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், மொத்த விலையை ஒரே தொகையாகவும், டெலிவரி, தபால், கையாளும் கட்டணம், வரி ஆகியவற்றைப் பிரித்தும் காட்டச் சொல்கின்றன. தொடக்கத்தில் மறைத்துவிட்டுக் கடைசியில் கட்டணத்தைக் காட்டுவதை 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே வகைப்படுத்தியுள்ளன. முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: மகளின் பழைய போட்டித் தேர்வு நூல்களை விற்கிறேன். 2 கிலோ கட்டு. கூரியர் கேட்கும் தொகை நூல்களின் விலைக்கே வந்துவிடுகிறது. வேறு வழி?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: அஞ்சல் துறை நூல்களுக்கென்றே 2025 மே 1 முதல் நடத்தும் ஞான் போஸ்ட் சேவை இருக்கிறது. 300 கிராமுக்கு 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரை, வரி தனி. தரைவழியில் போவதால் நாளாகும், ஆனால் டிராக்கிங் உண்டு. நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். மாத இதழ்களையும் விளம்பரத் தாள்களையும் இதில் வைக்கக் கூடாது. மழைக்கு முதலில் பிளாஸ்டிக் உறை, அதன்மேல் அட்டை, மூலைகளுக்கு இரட்டை மடிப்பு. மூலை நசுங்குவதுதான் புத்தகக் கட்டுக்கு வரும் முதல் சேதம்.

கேள்வி: படத்தில் மயில் கழுத்து நிறம், வந்தது வெறும் பச்சை. சேலையைத் திருப்பினால் விலையை மட்டும் தருவார்களாம், 80 ரூபாய் ஷிப்பிங் வராதாம். திருப்பி அனுப்பும் செலவும் என் தலையிலாம்.
– வாசகி, தாரமங்கலம்

பதில்: விளம்பரத்தில் காட்டியபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுக்கக் கூடாது என்பது மேலே சொன்ன 2020 விதிகளிலேயே இருக்கிறது. தவறு விற்பவருடையது என்பதால் போன செலவு, வரும் செலவு இரண்டையும் அவர் ஏற்பதே முறை. மனம் மாறித் திருப்புவது வேறு. அதற்கு அவர்கள் முன்பே எழுதிவைத்த நிபந்தனைதான் செல்லும்.

சேலையைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்துப் படம் எடுங்கள். டியூப்லைட்டில் எடுத்தால் நிறம் மாறித் தெரியும், அதையே அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். விலைப் பட்டியைக் கழற்ற வேண்டாம். ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டால் திருப்ப முடியாது. வந்த கவரையே உள்புறம் திருப்பி ஒட்டாமல் புதுக் கவரில் போட்டு, எடையோடு ரசீது வாங்கி, அந்த ரசீதின் படத்தை அன்றே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.