அப்பாவின் உள்ளங்கால் – கடிதம்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். ஓசூர் சிப்காட்டில் வேலை, மொத்தச் சம்பளம் 19,000 ரூபாய். முதல் ஒன்றரை வருடம் காண்ட்ராக்ட், பிறகு நிரந்தரம். எல்லாம் சேர்த்து 9 வருடம் 2 மாதம். அப்பாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. வலது பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு புண், மூன்று வாரமாக ஆறவில்லை. வலி இல்லை என்கிறார், மாந்தோப்புக்கும் போய்வருகிறார். அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடுகிறார். வேலையை விட்டு ஊரோடு வந்து, பி.எஃப். பணத்தில் இரண்டு மாடு வாங்கி, தோப்பையும் அப்பாவையும் பார்த்துக்கொள்ளலாமா? மனைவி வேண்டாம் என்கிறாள். அக்கா வீட்டுக்காரர் கேலி செய்கிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதத்தை நிறையவே சுருக்கியிருக்கிறேன். தோப்பில் பெங்களூரா எத்தனை மரம், செந்தூரா எத்தனை மரம், காய்க்கு என்ன விலை போனது, எல்லாம் எழுதியிருந்தீர்கள். அப்பாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு எவ்வளவு? இல்லை. புண் எத்தனை பெரிது, எத்தனை ஆழம்? அதுவும் இல்லை. யாராவது விளக்கு வெளிச்சத்தில் அந்தக் காலைத் திருப்பிப் பார்த்தீர்களா என்பதே சந்தேகமாக இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் காலில் விழுந்து கும்பிடுகிறோம், பாதத்தின் அடியை மட்டும் பார்ப்பதில்லை. மாம்பழ சீசனில் வெறுங்காலோடு தோப்பில் நடப்பவர்களைப் பற்றி எழுதவேண்டும் என்று இருந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"வலி இல்லை" என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே என்னைப் பயமுறுத்திய வரி அதுதான். உள்ளங்காலில் மூன்று வாரப் புண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் தோப்பில் நடக்கிறார் என்றால் நரம்பு செத்திருக்கிறது என்று அர்த்தம். வலித்தால் நொண்டுவார், நொண்டினால் அந்த இடத்தில் பாரம் விழாது, புண் ஆறும். வலிக்காததால் ஒவ்வொரு அடியிலும் உடம்பின் மொத்த எடையையும் அதே இடத்தில் இறக்குகிறார். மேலே எந்த மருந்தைக் கட்டினாலும், மிதித்துக்கொண்டே இருந்தால் ஆறாது.

நரம்பு கெட்டால் பாதத்தில் வியர்வையும் நின்றுபோகும். தோல் காய்ந்து வெடிக்கும். பாரம் விழும் இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பாகும். அது செருப்புக்குள் மாட்டிக்கொண்ட கூழாங்கல் மாதிரி உள்சதையை நசுக்கிக்கொண்டே இருக்கும். மேலே சின்ன ஓட்டைதான் தெரியும், அடியில் குழி இருக்கும். இதைப் போய் பிளேடால் சீவுவதும், மெடிக்கலில் கால் ஆணிக்கு என்று விற்கும் பிளாஸ்டரை ஒட்டுவதும் கால் போவதற்கான வழி. அந்தப் பிளாஸ்டரில் இருப்பது தோலைக் கரைக்கும் அமிலம். உணர்ச்சியில்லாத காலில் அது எதுவரை கரைக்கிறது என்று அவருக்கே தெரியாது.

இன்று ராத்திரி செய்யவேண்டியதைச் சொல்கிறேன். அப்பாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். ஓரிரு நொடி, பூப்போல. அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, சொல்லவில்லையே என்று திரும்பத் தொடவும் கூடாது. தொட்டது தெரிந்தால் வலதா இடதா என்று சொல்லட்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் அந்தக் காலை இனி அவர் பொறுப்பில் விடமுடியாது. தினமும் வேறொருவர் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

புண்ணுக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து போனில் படம் எடுங்கள். வாரம் ஒருமுறை அதே மாதிரி எடுங்கள். முறையாக வைத்தியம் பார்த்து, பாரத்தையும் எடுத்தபிறகு நாலு வாரத்தில் பாதியாவது சுருங்கவில்லை என்றால் வைத்தியத்தை மாற்றவேண்டும். மஞ்சள், வேப்பெண்ணெய் இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் புதிதாக வரும் சதையும் சேர்ந்து கருகும். சலைன் என்கிற உப்புத் தண்ணீரை விட்டுக் கழுவி, சுத்தமான காஸ் துணி வைத்துக் கட்டினால் போதும். வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது, சூடு தெரியாத காலில் கொப்புளம்தான் மிஞ்சும். கால் கழுவும் தண்ணீரை உங்கள் முழங்கையில் விட்டுப் பாருங்கள். ஊறவைக்க வேண்டாம். விரல் இடுக்கை ஒற்றித் துடையுங்கள். தேங்காயெண்ணெய் குதிகாலுக்குத் தடவலாம், இடுக்கில் தடவினால் சேற்றுப்புண் வரும்.

நாளைக் காலையே கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். காய்ப்பைச் சீவி ஆழம் பார்க்கச் சொல்லுங்கள். எலும்புவரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே, காலில் நாடித்துடிப்பு, அந்த இடத்தில் பாரம் விழாமல் இருக்க மாவுக்கட்டோ தனிச் செருப்போ, இந்த மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். பாதம் சிவந்து வீங்கினாலோ, நாற்றம் வந்தாலோ, விரல் கறுத்தாலோ நடுராத்திரியாக இருந்தாலும் கிளம்பவேண்டும். காய்ச்சலுக்குக் காத்திருக்காதீர்கள், சர்க்கரைக்காரர்களில் பலருக்குக் காய்ச்சலே வராது.

ஆறியபிறகு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு, பின்வாரோடு வாங்குங்கள். ரப்பர் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்துபோவார்கள். சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போதுதான் சரியான அளவு தெரியும். முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். அம்மா கோபித்தால் வீட்டுக்கென்று தனி ஜோடி வாங்குங்கள்.

களியைப் பற்றி ஒரு வார்த்தை. "கேழ்வரகுதானே, சுகருக்கு நல்லது" என்று நம் பக்கத்தில் இரண்டு உருண்டை இறங்கும். அந்த மாவிலும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். ஒரு சின்ன உருண்டை, கீரைக் குழம்பு நிறைய, அவ்வளவுதான்.

வீடு தேடி மருந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. உங்கள் ஊர்ச் செவிலியரிடம் அப்பா பெயர் இருக்கிறதா என்று கேட்டீர்களா? தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் உங்களை நம்பியிருக்கும் பெற்றோரையும் சேர்க்கலாம், சேர்த்தீர்களா? மாடு வாங்கும் யோசனை வந்த மண்டைக்கு இது வரவில்லை.

சரி, வேலை. இப்போது விடாதீர்கள். இன்னும் நாலு மாதம் போனால் 9 வருடம் 6 மாதம். பி.எஃப். பென்ஷனில் கடைசியில் மிஞ்சும் ஆறு மாதத்தை ஒரு வருடமாக எடுத்துக்கொள்வார்கள், பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருடக் கணக்கு நிறைந்துவிடும். 58 வயதில் பென்ஷன் உண்டு, உங்களுக்குப் பின் மனைவிக்கும் உண்டு. 15,000 ரூபாய் சம்பளத்தை வைத்துக் கணக்குப் பார்த்தாலும் பத்து வருடத்துக்கு மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம்தான், அதற்காகக் கனவு காணவேண்டாம். ஆனால் காண்ட்ராக்ட் காலத்துப் பழைய பி.எஃப். கணக்கை இப்போதைய கணக்குக்கு மாற்றாமல் விட்டிருந்தால் உங்கள் சர்வீஸ் 7 வருடம் 8 மாதம்தான். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளமில்லா விடுப்பு நாட்களும் கழியும்.

மாடு, அக்கா வீட்டுக்காரர் இரண்டையும் விடுங்கள். என்றாவது மாடு வாங்கினால் இரண்டு மாடும் ஒரே சமயத்தில் சினையாக விடாதீர்கள், பாலும் ஒன்றாக வற்றும். உங்கள் மனைவி வேண்டாம் என்றதற்கு என்ன காரணம் சொன்னார் என்று எழுதவேயில்லையே, கேட்டீர்களா?

அடுத்த கடிதத்தில் மரக்கணக்கு வேண்டாம். ஆறு விரலில் அப்பா எத்தனை சொன்னார், எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது, இந்த இரண்டை மட்டும் எழுதுங்கள்.